கீழாநெல்லியும் கல்லீரல் நோய் ஆய்வும்

கீழாநெல்லி, தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலைக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் ஒரு சிறு செடி. 1980களில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பாக்ஸ் சேஸ் புற்றுநோய் மைய அறிவியலாளர்களும் இதனை ஹெப்படைட்டிஸ் பி வைரசுக்கு எதிரான மருந்தாகச் சோதித்தனர். 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான அவர்களின் முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அதே முடிவு கிடைக்கவில்லை. பின்னர் மது முதலிய நச்சுகளிலிருந்து கல்லீரலை இச்செடி காக்குமா என்ற கேள்வியும் ஆய்வகங்களில் வலுப்பெற்றது. நாட்டு மருந்து ஒன்று ஆய்வகத்திற்குள் நுழைந்து, எலிகளிலும் மனிதரிலும் சோதிக்கப்பட்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

செடியும் வழக்கும்

கீழாநெல்லி ஓராண்டுச் செடி. ஒன்றரை அடிக்கு மேல் வளர்வது அரிது. மழை பெய்த சில வாரங்களில் வயல் வரப்பிலும், தோட்டத்திலும், வீட்டுக் கொல்லையிலும் தானாக முளைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், இராஜபாளையம் என மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர்களிலும், காவிரிப் படுகையிலும், சென்னையின் காலி மனைகளிலும் இதனைக் காணலாம். இலைக்காம்பின் கீழ்ப்புறம் வரிசையாகச் சிறு நெல்லிக்காய் போன்ற காய்கள் தொங்குவதால் இப்பெயர் வந்தது. கீழ்க்காய்நெல்லி என்றும் அழைப்பர்.

சித்த மருத்துவத்திலும் வீட்டு வைத்தியத்திலும் இதன் முதன்மையான பயன் காமாலைக்கே. செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலந்து காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது பரவலான முறை. கூடவே எண்ணெய், புளி, காரம் நீக்கிய பத்தியமும் இருக்கும். கரிசலாங்கண்ணியும் இதே நோய்க்குக் கொடுக்கப்படும் மற்றொரு செடி. 17ஆம் நூற்றாண்டில் கேரளக் கரையின் செடிகளைத் தொகுத்த டச்சு நூலான ‘ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ்’ கீழாநெல்லியையும் அதன் நாட்டுப் பெயரோடு பதிவு செய்துள்ளது.

காமாலை ஒரு நோயா?

இச்செடியின் ஆய்வு வரலாற்றைப் புரிந்துகொள்ள, காமாலை என்பது தனி நோயன்று, ஓர் அறிகுறி என்பதை முதலில் அறிய வேண்டும். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தில் சேர்த்து வெளியேற்றுகிறது. இந்த வேலை தடைப்பட்டால் நிறமி இரத்தத்தில் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும்.

தடைக்குக் காரணங்கள் பல. அசுத்தமான நீர், உணவு வழியாகப் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ, இ வைரஸ்கள். இரத்தம், பாலுறவு, பிரசவம் வழியாகப் பரவும் ஹெப்படைட்டிஸ் பி. மதுவினால் வரும் கல்லீரல் அழற்சி. சில மருந்துகளின் நச்சு. பித்தக் குழாயை அடைக்கும் கல் அல்லது கட்டி ஆகியன அவற்றுள் சில.

இவற்றுள் ஹெப்படைட்டிஸ் ஏ, இ ஆகியவை பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தாமாகவே குணமாகிவிடும். ஹெப்படைட்டிஸ் பி கூட, வயது வந்தபின் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலே வைரசை வென்றுவிடுகிறது. ஆகவே எந்த மருந்தைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காவிட்டாலும், காமாலை கண்டவர்களில் பெரும்பகுதியினர் தேறிவிடுவர். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் குணமானவர்கள் ஊருக்கு ஊர் இருப்பது உண்மை. செடியால் குணமானார்களா, காலத்தால் குணமானார்களா என்பதை அவர்களின் அனுபவத்தைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. அதற்கு ஒப்பீட்டுச் சோதனை வேண்டும்.

வேதியியலில் தொடக்கம்

கீழாநெல்லியின் கசப்பு எதனால் என்ற கேள்வியே நவீன ஆய்வின் முதற்படிகளுள் ஒன்று. குளித்தலையில் பிறந்த வேதியியலாளர் தி. ஆர். சேஷாத்ரி (1900–1975), ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது தாவரப் பொருள்களின் வேதியியலில் பெரும் ஆய்வுக் குழுவை உருவாக்கியிருந்தார். 1946இல் கிருஷ்ணமூர்த்தியும் அவரும் இச்செடியின் இலையிலிருந்து பில்லாந்தின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். 1960களில் அதே பல்கலைக்கழகத்தின் எல். இராமச்சந்திர ராவ் குழுவினர், இது லிக்னன் என்ற வகையைச் சேர்ந்த சேர்மம் என்று அதன் அமைப்பை விளக்கினர்.

1985இல் லக்னோவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினர். எலியின் கல்லீரல் செல்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சுகளைச் சேர்த்தனர். பில்லாந்தினும் அதன் உறவுச் சேர்மமான ஹைப்போபில்லாந்தினும் இருந்த கலங்களில் செல்களின் சேதம் குறைந்தது. செடி கல்லீரலைக் காக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் ஆய்வகச் சான்று. எனினும் நச்சிலிருந்து செல்லைக் காப்பது வேறு, வைரசை ஒழிப்பது வேறு. கீழாநெல்லி ஆய்வு இவ்விரு பாதைகளிலும் நடந்தது.

ஹெப்படைட்டிஸ் பி வைரசும் பிளம்பெர்க்கும்

அமெரிக்க மருத்துவ அறிவியலாளர் பரூக் பிளம்பெர்க், பல்வேறு மக்களின் இரத்தத்திலுள்ள புரத வேறுபாடுகளை ஆராய்ந்து வந்தார். 1960களின் நடுவில், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ எனப் பெயரிடப்பட்ட அது ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேலுறைப் புரதம் என்பது பின்னர் தெளிவானது. இரத்ததானத்தில் வைரசைக் கண்டறியும் சோதனையும், தடுப்பூசியும் இதிலிருந்து பிறந்தன. 1976ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே வைரசைச் சுமப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் வைரசைச் சுமக்கின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு நாளடைவில் கல்லீரல் சுருக்கமும் (சிரோசிஸ்) புற்றுநோயும் வருகின்றன. 1980களில் உலகெங்கும் பல கோடிப் பேர் இந்நிலையில் இருந்தனர். அவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. பிளம்பெர்க்கின் குழு, பல நாடுகளில் காமாலைக்குப் பயன்படும் மூலிகைகளைத் தேடத் தொடங்கியதன் பின்னணி இதுவே.

சென்னையில் நடந்த ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் (2003–2006இல் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர்) ஹெப்படைட்டிஸ் பி ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் ‘இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்’ இணைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வைரசின் மேலுறை ஆன்டிஜென் உள்ள இரத்த நீரில் கரிசலாங்கண்ணிச் சாற்றையும் கீழாநெல்லிச் சாற்றையும் கலந்தபோது, ஆன்டிஜென் சோதனைக்குத் தென்படாமல் போனதை அக்கட்டுரை தெரிவித்தது.

இது கண்ணாடிக் குழாயில் நடந்த சோதனை. உடலுக்குள் சாறு கல்லீரலை அடையுமா, அங்கே போதிய செறிவில் இருக்குமா என்பவை தனிக் கேள்விகள். ஆயினும் நாட்டு வழக்கில் இருந்த செடி, குறிப்பிட்ட வைரசின் குறிப்பிட்ட புரதத்தின் மீது செயல்படுவதாக ஆய்வகத்தில் காட்டப்பட்டது பெரிய முன்னேற்றம்.

பாக்ஸ் சேஸ் மையத்தில் பி. எஸ். வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன், பிளம்பெர்க் ஆகியோர் ஆய்வைத் தொடர்ந்தனர். ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. கீழாநெல்லிச் சாறு அந்த நொதியைத் தடுத்தது. அடுத்து வுட்சக் எனப்படும் வட அமெரிக்கக் கொறிவிலங்கில் சோதித்தனர். மனித வைரசை ஒத்த வைரஸ் ஒன்று இவ்விலங்கைத் தாக்குகிறது என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். அண்மையில் தொற்று ஏற்பட்ட நான்கு விலங்குகளுக்குச் சாற்றை வயிற்றறைக்குள் ஊசி மூலம் செலுத்தியபோது, மூன்றில் வைரசின் தடயம் இரத்தத்திலிருந்து மறைந்தது. இம்முடிவு 1987இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளிவந்தது.

லான்செட் 1988

அடுத்த கட்டம் மனிதச் சோதனை. சென்னையில் வைரஸ் சுமப்பவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உலர்த்திப் பொடித்த கீழாநெல்லி 200 மில்லிகிராம் அளவில் குளிகையாக நாளொன்றுக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஒப்புக்குளிகை.

சிகிச்சை முடிந்து 15–20 நாள் கழித்துச் சோதித்தபோது, கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரிடம் மேலுறை ஆன்டிஜென் காணப்படவில்லை. இது 59 விழுக்காடு. ஒப்புக்குளிகை பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்திருந்தது. சிலர் ஒன்பது மாதம் வரை கண்காணிக்கப்பட்டனர், ஆன்டிஜென் திரும்பவில்லை. பக்கவிளைவும் குறிப்பிடும்படி இல்லை. தியாகராஜன், சுப்பிரமணியன், திருநாளசுந்தரி, வெங்கடேஸ்வரன், பிளம்பெர்க் ஆகியோரின் பெயரில் 1988 அக்டோபரில் இக்கட்டுரை லான்செட்டில் வெளியானது. இது முதனிலை ஆய்வு என்றே ஆசிரியர்கள் குறிப்பிட்டிருந்தனர்.

நெடுங்காலம் வைரஸ் சுமப்பவரிடம் மேலுறை ஆன்டிஜென் தானாக மறைவது மிக அரிது. ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்கே நிகழும். எனவே ஒன்றரை மாதத்தில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது மறைந்தது என்பது வியப்பூட்டும் செய்தி. காசு கொடுத்து வாங்க வேண்டாத செடி, பாதுகாப்பானது, வாய்வழி உண்ணக்கூடியது. ஏழை நாடுகளின் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

பெயர்க் குழப்பம்

1982, 1987 கட்டுரைகளில் செடியின் அறிவியற்பெயர் பில்லாந்தஸ் நிரூரி. 1988 கட்டுரையில் அது பில்லாந்தஸ் அமாரஸ். செடி மாறவில்லை, பெயர் திருத்தப்பட்டது.

லின்னேயஸ் 1753இல் பில்லாந்தஸ் நிரூரி என்று பெயரிட்டது அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு. இந்தியத் தாவர நூல்கள் அதனை ஒத்த செடிகளையெல்லாம் அப்பெயரிலேயே குறித்து வந்தன. 1985இல் மித்ரா, ஜெயின் ஆகிய இந்தியத் தாவரவியலாளர்கள், இந்திய நூல்களில் நிரூரி என்று குறிக்கப்பட்டது ஒரே இனமன்று, அமாரஸ், பிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று காட்டினர்.

இது வெறும் பெயர்ச் சிக்கலாக நிற்கவில்லை. மூன்று இனங்களும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். உள்ளிருக்கும் சேர்மங்களின் அளவு வேறுபடும். பில்லாந்தின் அமாரஸில் மிகுதி. ஓர் ஆய்வகம் எந்தச் செடியைப் பயன்படுத்தியது, எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்தது என்று தெரியாவிட்டால், இரு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட இயலாது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக விற்கும் பொடிக்கும் இதே சிக்கல் உண்டு.

மறு சோதனைகள்

ஓர் ஆய்வு முடிவு பிறராலும் பெறப்பட்டால்தான் அறிவியலில் நிலைபெறும். 1990இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், அறிகுறியற்ற வைரஸ் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சோதித்த முடிவை அதே லான்செட் இதழில் வெளியிட்டனர். ஆன்டிஜென் மறையவில்லை. 1994இல் நியூசிலாந்திலிருந்தும் தோல்வி என்றே செய்தி வந்தது. வாத்துகளைத் தாக்கும் ஒத்த வைரசின் மீது நடந்த சோதனைகளிலும் வைரசை ஒழிக்க இயலவில்லை. சீனாவில் மூன்று பில்லாந்தஸ் இனங்களை ஒப்பிட்டபோது, அமாரஸைவிட, சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் பில்லாந்தஸ் யூரினேரியா சற்று மேலான பயன் தந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் திடீர்க் காமாலை கண்டவர்களிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட சோதனையில், காமாலை நீடிக்கும் காலத்தைச் செடி குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

இம்முரண்பாட்டிற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. செடியின் இனமும் விளைந்த இடமும் பருவமும் வேறுபட்டிருக்கலாம். வைரஸ் சுமப்பவர்களும் ஒரே வகையினர் அல்லர். தாயிடமிருந்து பிறப்பில் தொற்றுப் பெற்றவரைவிட, பின்னாளில் பெற்றவரின் உடல் வைரசை எளிதாக வெல்லும். சென்னைச் சோதனையில் பங்கேற்றோர் தொகை சிறிது. தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் சிலர் கடைசிச் சோதனைக்கு வரவில்லை. தொகை சிறிதாக இருக்கும்போது தற்செயலின் பங்கு கூடும்.

2011இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்டது. 16 சோதனைகள் கணக்கில் எடுக்கப்பட்டன. ஒப்புக்குளிகையைவிடப் பில்லாந்தஸ் பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வைரஸ் எதிர்ப்பு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த சோதனைகளில் சில நற்குறிகள் இருந்தாலும், அவற்றின் தரம் குறைவு என்பதால் உறுதி சொல்ல முடியாது என்பது அதன் முடிவு.

மூலக்கூறு விளக்கம்

மனிதச் சோதனைகள் கைகொடுக்காத நிலையிலும், சாறு வைரசின் மீது எப்படிச் செயல்படுகிறது என்ற ஆய்வு தொடர்ந்தது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தியாகராஜனுடன் இணைந்து இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். கல்லீரல் செல்லுக்குள் வைரசின் மரபணு செயல்பட, செல்லின் சொந்தப் புரதங்கள் சில வைரஸ் டி.என்.ஏ.யின் ஊக்கப் பகுதியில் வந்து பொருந்த வேண்டும். கீழாநெல்லிச் சாறு இப்பொருத்தத்தைக் குலைத்தது. அதனால் வைரசின் ஆர்.என்.ஏ. உற்பத்தி குறைந்தது.

இருந்தும் மனிதரிடம் வைரஸ் ஏன் ஒழியவில்லை? விடையின் ஒரு பகுதி வைரசின் தன்மையில் உள்ளது. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தன் டி.என்.ஏ.வை வளைய வடிவில் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைத்துக்கொள்கிறது. படியெடுக்கும் நொதியைத் தடுத்தாலும் ஆர்.என்.ஏ. உற்பத்தியைக் குறைத்தாலும் இந்த வளையம் அழிவதில்லை. மருந்து நின்றதும் அதிலிருந்து வைரஸ் மீண்டும் உருவாகலாம். இன்று பயன்படும் ஆற்றல்மிக்க மருந்துகளான என்டெகாவிர், டெனோபோவிர் ஆகியவையும் வைரசை அடக்கி வைக்கின்றனவே தவிர, பெரும்பாலோரிடம் முற்றாக ஒழிப்பதில்லை. மற்றொரு பகுதி அளவு சார்ந்தது. கண்ணாடிக் கலத்தில் செல்லின் மேல் நேரடியாக ஊற்றும் சாறும், குடலில் சிதைந்து சிறிதளவே உட்கிரகிக்கப்பட்டுக் கல்லீரலை அடையும் சாறும் ஒன்றல்ல.

மதுவும் கல்லீரலும்

கீழாநெல்லி இன்று பலராலும் நாடப்படுவது வைரசுக்காக அன்று, மதுவால் கெட்ட கல்லீரலைச் சீராக்கும் என்ற நம்பிக்கையில். இதைப் புரிந்துகொள்ள மது கல்லீரலில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மது கல்லீரலுக்கு நேரடி நச்சு அன்று, குடிப்பவர் சரியாக உண்ணாததால் வரும் ஊட்டக்குறைவே சேதத்திற்குக் காரணம் என்ற கருத்து வலுவாக இருந்தது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குபெற்ற சார்லஸ் பெஸ்ட் 1949இல் வெளியிட்ட எலிச் சோதனை இதற்கு ஆதரவாக அமைந்தது. பெல்ஜியத்தில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய சார்லஸ் லீபர் இக்கருத்தை மாற்றினார். நல்ல உணவோடு மது கொடுத்தாலும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதை அவர் காட்டினார். 1974இல் ரூபினும் அவரும், ஊட்டமான உணவோடு மது பெற்ற பபூன் குரங்குகளில் சிலவற்றுக்குச் சிரோசிஸ் வரை சேதம் ஏற்பட்டதை வெளியிட்டனர். ‘நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

மது கல்லீரலில் முதலில் அசெட்டால்டிஹைடாகவும் பின்னர் அசெட்டேட்டாகவும் மாறுகிறது. அசெட்டால்டிஹைடு செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்யும் நச்சு. இம்மாற்றத்தின்போது செல்லின் வேதிச் சமநிலை மாறுவதால் கொழுப்பு எரிவது குறைந்து, தேங்குவது கூடுகிறது. தொடர்ந்து குடிப்பவரிடம் இரண்டாவது வழியும் ஓங்குகிறது. லீபரும் டிகார்லியும் 1968இல் விவரித்த இந்த வழியில் செயல்படும் முதன்மை நொதி சைட்டோகுரோம் பி450 2இ1. இது மதுவை எரிக்கும்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகிச் செல் சவ்வைச் சிதைக்கின்றன. அவற்றைத் தணிக்கும் குளூட்டாதியோன் என்ற காப்புப் பொருள் தீர்ந்துபோகிறது. இதே நொதி பாரசிட்டமாலையும் நச்சாக மாற்றும் என்பதால், நாள்தோறும் குடிப்பவர் அம்மாத்திரையை அளவு மீறி எடுப்பது பெரும் ஆபத்து.

மூன்றாவதாக, மது குடற்சுவரைப் பலவீனப்படுத்துகிறது. குடல் பாக்டீரியாவின் நச்சு கல்லீரலுக்குள் கசிகிறது. அங்குள்ள காவல் செல்கள் தூண்டப்பட்டு டி.என்.எஃப். ஆல்பா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அழற்சி நீடித்தால் நட்சத்திரச் செல்கள் எனப்படுபவை கொலாஜன் நாரை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. நார் பெருகிக் கல்லீரல் இறுகிச் சுருங்குவதே சிரோசிஸ்.

இப்படிநிலைகளில் சிலவற்றைக் கீழாநெல்லி தடுப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. 2007இல் பாங்காக் ஆய்வாளர்கள் மது கொடுத்த எலிகளுக்குக் கீழாநெல்லியின் நீர்ச்சாறு கொடுத்தபோது, கல்லீரல் சேதத்தைக் காட்டும் நொதிகளும் கொழுப்பும் டி.என்.எஃப். ஆல்பாவும் குறைந்தன. இந்திய ஆய்வகங்களும் இத்தகைய முடிவுகளை வெளியிட்டுள்ளன. பில்லாந்தினும் பிற சேர்மங்களும் ஆக்சிஜனேற்றத்தைத் தணிப்பதே காரணம் என்று கருதப்படுகிறது.

இங்கும் எலிக்கும் மனிதருக்கும் இடைவெளி பெரிது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் எலிகளில் கல்லீரலைக் காத்தன. மதுவால் கடும் கல்லீரல் அழற்சி கண்ட மனிதரிடம், வைட்டமின் இ உள்ளிட்ட எதிர்ப்பிகளின் கலவை உயிர்காக்கவில்லை என்பதை 2000களில் நடந்த சோதனைகள் காட்டின. 2015இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டது. அதில் டி.என்.எஃப். ஆல்பாவைக் குறைக்கும் எனக் கொடுக்கப்பட்ட பென்டாக்சிபைலின் பயன் தரவில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு முதல் மாதத்தில் சிறிது உதவியிருக்கலாம் என்ற அளவே தெரிந்தது. பெரும் மருந்துகளே தடுமாறும் இந்நோயில், மறுநாளும் குடித்துக்கொண்டே கீழாநெல்லிச் சாறு அருந்துவதால் கல்லீரல் மீளும் என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, குடியை நிறுத்தினால் கொழுப்புக் கல்லீரல் சில வாரங்களிலேயே பெரிதும் சீராவது உறுதியாகத் தெரிந்த உண்மை.

காப்புரிமைச் சர்ச்சை

பாக்ஸ் சேஸ் மையத்தினர், கீழாநெல்லிச் சாற்றை வைரஸ் கல்லீரல் அழற்சிக்குப் பயன்படுத்துவது குறித்து 1980களில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். 1990களில் மஞ்சள், வேம்பு ஆகியவற்றின் மீதான வெளிநாட்டுக் காப்புரிமைகள் இந்தியாவில் எதிர்க்கப்பட்டபோது, கீழாநெல்லியும் அவ்விவாதத்தில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. காமாலைக்கு இச்செடி உதவும் என்பது இந்திய மக்கள் வழிவழியாக அறிந்தது. அதற்கு எப்படிப் புதுமை உரிமை தர முடியும் என்பது எதிர்ப்பாளர் வாதம். குறிப்பிட்ட வைரசின் மீதான செயலும் தயாரிப்பு முறையும் புதியவை என்பது மறுதரப்பு. மஞ்சள் காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டது. 2001இல் தொடங்கிய மரபு அறிவு மின்னூலகத் திட்டம், சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளையும் காப்புரிமை ஆய்வாளர்கள் படிக்கும் வகையில் தொகுத்து வருகிறது.

இன்றைய நிலை

சென்னை ஆய்வு நடந்த காலத்தில் இல்லாத கருவிகள் இன்று உள்ளன. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2002இல் சோதனை முறையில் தொடங்கி, இந்தியாவின் பொது நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் கொடுக்கும் முதல் தவணை, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுப்பதில் முதன்மையானது. 2018 ஜூலை 28இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாள். பிளம்பெர்க்கின் பிறந்தநாளும் அதுவே. 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி 25 கோடிக்கும் மேற்பட்டோர் நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி தொற்றோடு வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தம் தொற்று பற்றித் தெரியாது.

கீழாநெல்லி நச்சுச் செடி அன்று; சென்னைச் சோதனையில் பக்கவிளைவு ஏதும் பெரிதாகத் தென்படவில்லை. அதன் ஆபத்து வேறு வகையானது. பித்தக்குழாய் அடைப்பு, நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி, மதுவால் வந்த அழற்சி ஆகிய மூன்றிலும் கண் மஞ்சளாகவே தோன்றும். காரணம் அறியாமல் செடியைக் குடித்துக் காத்திருக்கும் வாரங்களில், அடைப்புக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையோ வைரசுக்கான மருந்தோ தள்ளிப்போகிறது. மயக்கம், குழப்பமான பேச்சு, இரத்த வாந்தி, வயிறு வீக்கம், கடும் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று காமாலையோடு சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் எந்த அறிகுறிக்காகவும் காத்திருக்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் இ கர்ப்ப காலத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆய்வாளர்கள் செடியைக் கைவிடவில்லை. இனம் உறுதிசெய்யப்பட்ட செடி, அளவிடப்பட்ட பில்லாந்தின், போதிய எண்ணிக்கையில் நோயாளிகள், ஒப்புக்குளிகை பெறும் மறுபிரிவு ஆகியவை சேர்ந்த சோதனைகளே இதன் இடத்தை உறுதியாகச் சொல்ல முடியும். 1988இல் சென்னைக் குழு ஒப்புப் பிரிவு வைத்துச் சோதித்து எண்ணிக்கைகளை வெளியிட்டதால்தான், தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதைச் சரிபார்க்க முடிந்தது.